ட்ரொன்ஹெய்ம் பற்றி இவர் பேசியது

ஜூன் 3, செவ்வாய்
வெயில் தாங்கவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக. இவர் காலையிலிருந்து லேப்டாப் முன்னால். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் கூட்டம். அதில் ட்ரொன்ஹெய்ம் நகரம் உருவான கதையைப் பேசப் போகிறாராம். நார்வேயில் எங்கள் மகள் ரம்யா இருக்கும் ஊர். மந்தைவெளிக்காரர்களுக்கு அது எதற்கு? தண்ணி லாரி பற்றிப் பேசினாலாவது நாலு பேர் கேட்பார்கள். அவள் பத்தாவது படித்தபோது எந்த செக்‌ஷன் என்று தெரியாத மனிதர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாக்கள் பெயர் மட்டும் மனப்பாடம்.

ஜூன் 5, வியாழன்
வாங்க: து. பருப்பு, பெருங்காயம், இவர் பி.பி. மாத்திரை.
சாப்பிடும்போதும் பாடம். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓலாவ் என்ற ராஜா வீடும் கடைத்தெருவும் கட்டி ஊரை ஆரம்பித்தானாம். அவனுக்கு முன்னால் இருந்த தலைவன் பன்றித் தொழுவத்தில் ஒளிந்திருக்க, சொந்த வேலைக்காரனே கழுத்தை அறுத்தானாம். ரசம் சாதத்துக்கு ஏற்ற கதை.
எதற்கு இதெல்லாம் என்றேன். ரம்யா போன் பண்ணினால் ‘சாப்பிட்டியா’வுக்கு மேல் தனக்குப் பேச ஒன்றுமில்லையாம். ஊரைப் பற்றித் தெரிந்தால் பேசலாமாம். இத்தனை வருஷம் கழித்து ஞானம்.

ஜூன் 7, சனி
சாயங்காலம் ரம்யா போன். ஸ்பீக்கரில் போட்டார். உடனே ஆரம்பம்: அங்கே மண்ணைத் தோண்டினால் பழைய மரவீடுகள் கிடைக்கிறதாமே, ஆபீஸ் போகிற வழியில் பார்த்திருக்கிறாயா என்று.
“அப்பா, நாங்க ஆஸ்லோவுக்கு மாறி நாலு மாசம் ஆச்சு. சொன்னேன்ல?”
சொல்லவில்லை. என்னிடமும்தான்.
“ஆமாம்மா, சொன்னே. நான்தான் மறந்துட்டேன்.”
அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டார். வைத்துவிட்டாள்.
அடுப்படிக்குப் போனேன். பாத்திரமெல்லாம் கழுவியே இருந்தது. மறுபடி கழுவினேன். நாளைக்குப் பேச வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். மாட்டாராம்.

ஜூன் 8, ஞாயிறு
காற்றே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதி காலி. செகரட்டரி போனை நோண்டிக்கொண்டு. இவர் எழுதி வைத்ததை வாசித்தார். இன்னொரு ஓலாவ், போரில் செத்தவன், அவனைப் புதைத்த இடத்தில் பெரிய சர்ச் எழும்பியதுவரை வந்தார். போண்டா வந்தது. முன்வரிசை எழுந்து போனது. மூன்றாவது மாடி விமலா மட்டும் தட்டோடு திரும்பி, “உங்க பொண்ணு இந்த ஊர்லதானே சார் இருக்கா?” என்றாள்.
இவர் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்.
“அங்கதான் இருக்கா,” என்றேன் நான். “போன் பண்ணினா அப்பாகிட்ட அந்த ஊர்க் கதைதான் பேசுவா.”
விமலா தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். இந்த ஜனங்களுக்கு இது போதும்.
இவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசிக்க ஆரம்பித்தார். காலி நாற்காலிகளுக்கு. நான் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.