வீடு பார்க்க ஆள் வருகிறது

12.10.2010

அலுமாரியை இழுத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். போன மாதம் உள்ளங்கை அளவில் இருந்த பூஞ்சணம் இப்போது கட்டிலின் தலைமாடு வரைக்கும் கறுப்பாக ஏறிவிட்டது. பிளீச் போட்டுத் தேய்த்தால் மூன்று நாளைக்குக் காணாது. நாலாம் நாள் வாடகை வாங்க வந்தவர் மாதிரி வந்து நிற்கும். விடிய ஐந்து மணிக்குப் போய் ஆறு மாடிக் கந்தோர் ஒன்றைத் துடைக்கிறவள் நான். ஊரார் கண்ணாடியெல்லாம் பளபளக்கிறது. என் வீட்டுச் சுவர் மட்டும் எனக்கு அடங்குதில்லை.

சுபாங்கி அந்தச் சுவரோரம்தான் படுக்கிறாள். வேறு எங்கே படுக்க வைப்பது? ஒரே அறை, அதுவும் முற்றத்தோடு ஒட்டிய கீழ்வீடு, வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம். டொக்டர் மூச்சுக்கு இழுக்கிற பம்ப் தந்திருக்கிறார். வீடு மாறுங்கள் என்றும் சொன்னார், சட்டை மாற்றச் சொல்வது போல.

19.10.2010

அரச வீட்டு விண்ணப்பத்தை இன்றைக்கு மெரியில் புதுப்பித்தேன். வருடத்துக்கு ஒருமுறை நகரசபைக்குப் போய்ப் புதுப்பிக்காவிட்டால் காத்திருந்த வருடமெல்லாம் வீண். இது மூன்றாம் முறை. குடியிருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற பெட்டிக்குள் 3 என்று எழுதினேன். யாரையும் கேட்காமல் நான் நிரப்புகிற பெட்டி அது ஒன்றுதான்.

6.11.2010

இவரும் நானும் சூசைநாதன் ஐயாவிடம் போனோம். (இவர் என்றால் குலசேகரம். கலியாணம் முடித்து எட்டு வருடம், இந்தக் கொப்பியில்கூட அந்தப் பெயரை எழுதக் கை கூசுகிறது.) ஐயா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சனிக்கிழமைகளில் பாரிஸ் ரூ காய் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து எங்கள் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். காசு வாங்க மாட்டார், ஏச்சு மட்டும் தருவார்.

"இது பிச்ச இல்லம்மா, சட்டம்" என்றார். "ஒரு கமிசியோன் இருக்கு. உங்க கேஸ் அவசரம்னு அவங்க ஒத்துக்கிட்டா அரசாங்கம் வீடு குடுத்தே ஆகணும்."

இடம் போதாது என்று கேட்கலாமா? மூன்று பேருக்கு இருபத்தைந்து சதுர மீற்றர் போதுமாம். வாடகைப் பத்திரத்தில் எங்களுடையது இருபத்தாறு. அந்த ஒரு மீற்றர் எந்த மூலையில் கிடக்கிறதோ தெரியாது.

"அப்போ சுவரதான் காட்டணும். நகரசபையிலருந்து ஆள் வந்து பாத்து ரப்போர் எழுதணும். அது ஒண்ணு இருந்தா போதும்."

வெளியே வந்ததும் இவர் எனக்கு ஒரு ரோல்ஸ் வாங்கித் தந்தார். அவ்வளவு நம்பிக்கை.

21.12.2010

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இப்போது நித்திரை கொள்கிறாள். விசில் இல்லை.

17.1.2011

கடிதம் வந்துவிட்டது. பெப்ரவரி மூன்றாம் திகதி பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. சாமிப்படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டேன்.

1.2.2011

இன்றைக்கு இவருக்கு ரெஸ்ரோறன்றில் லீவு. காலையிலேயே வெள்ளைப் பெயின்ற் ஒரு வாளியும் உருளையும் வாங்கி வந்துவிட்டார். நான்தான் முதலில் கேட்டேன், அடிக்க வேணுமோ என்று.

"இப்பிடியே கிடந்தா எங்களைத்தான் ஊத்தை ஆக்கள் எண்டு எழுதுவினம்" என்றார். "பிள்ளை வளக்கத் தெரியாததுகள் எண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனா நீர் என்ன செய்வீர்?"

அவர் அடிக்க அடிக்க நான் நிலத்தைத் துடைத்தேன். கடைசியாக, பெயின்ற் எடுபடாத மூலைக்கு அலுமாரியைத் தள்ளி மறைத்து, மேலே சாமிப்படங்களை அடுக்கினேன். மத்தியானம் யன்னலைத் திறந்து பார்த்தபோது வீடு கலியாண வீடு போல இருந்தது. எங்கள் வீடுதானா?

3.2.2011

சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கண்ணாடி போட்ட இளம் பெண், கையில் ஈரம் பார்க்கிற சின்னக் கருவி. நான் நாவல் நிறச் சேலை கட்டியிருந்தேன். மேசையில் வடை, ரோல்ஸ், தேத்தண்ணி. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு வடை சாப்பிட்டார்.

மற்றச் சுவர்களில் கருவியை வைத்துப் பார்த்தார். மூலைக்கு வந்ததும் அலுமாரியை நகர்த்தலாமா என்று கேட்டார். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர் படத்தைக் காட்டிக் கையைக் கூப்பினார். அந்தப் பெண் மரியாதையாகப் பின்னுக்கு வந்துவிட்டார். அண்மையில் பெயின்ற் அடித்தீர்களா என்று கேட்டதற்கு இவர் பெருமையாகச் சொன்னார், "எப்பவும் துப்பரவாத்தான் வைச்சிருப்பம்."

பிள்ளைக்கு ஏதும் கஷ்டமா என்று என்னைக் கேட்டார். "சா வா" என்றேன். நல்லாத்தான் இருக்கிறாள் என்றேன். பம்ப் லாச்சிக்குள் இருந்தது. அதையும் நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த ஆளிடம் வாசலிலேயே கஷ்டத்தைக் கொட்டுவதா?

போகும்போது, உங்கள் வீடு மிகவும் வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாள் முழுக்க எனக்குச் சந்தோசம்.

5.2.2011

ஐயாவிடம் சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா. ஏம்மா பெயிண்ட் அடிச்சீங்க?"

"ஆள் வருகுதெண்டு ஐயா."

"டாக்டர்கிட்ட போறப்ப வியாதிய வீட்ல வச்சிட்டா போவீங்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. துடைக்கத்தானே தெரியும் எனக்கு. வேறை என்ன தெரியும்?

27.3.2011

பெயின்றுக்கு மேலாலேயே கறுப்பு வந்துவிட்டது. ஏழு கிழமை தாங்கியிருக்கிறது. படம் பிடித்து ஐயாவிடம் கொடுத்தோம். அனுப்பியிருக்கிறார்.

9.6.2011

இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஐயா கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னார். 'நன்றாகப் பராமரிக்கப்படும் குடியிருப்பு. ஈரத்துக்கான அடையாளம் காணப்படவில்லை.' படங்கள் ரப்போருக்குப் பிறகு எடுத்தவையாம், புதிதாகக் கேட்க வேண்டுமாம். முதல் வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். இத்தனை வருடத் துப்பரவு வேலையில் என்னை ஒருவர் எழுத்தில் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

14.11.2011

இந்த முறை ஐந்து நாள் ஆஸ்பத்திரி. விரல் நுனி நீலமாகிவிட்டது. குளிர்காலத்தில் அந்த அறையில் படுக்க வைத்தால் பொறுப்பு நீங்கள்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் எங்கை போறது? வாடகைக்குப் போய்க் கேட்ட இடமெல்லாம் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

யோகராணி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தா. லா கூர்னெவ்வில் மூன்றாம் மாடி, காய்ந்த வீடு, பெண்பிள்ளைகள் இரண்டு பேர்.

"குளிர் போகுமட்டும் என்னோடை இருக்கட்டும் சுகிர்தம். நான் என்ன, பிறத்தியே?"

பிறத்தி இல்லை. என்ரை கூடப்பிறந்த அக்கா. அதுதான் மறுக்கவும் முடியவில்லை.

8.1.2012

கார் து நோர் ஸ்ரேசனில் ரெயில் ஏறி அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பை, தலையணை, பம்ப்.

"எத்தினை நாள் அம்மா?"

"கொஞ்ச நாள்."

22.4.2012

பள்ளிக்கூட லீவுக்குக் கூட்டி வந்தேன். மூன்றாம் நாள் விசில் தொடங்கிவிட்டது. நாலாம் நாள் நானே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். அக்கா பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்கிறா. சரிதான். சரியில்லாமல் என்ன?

16.10.2012

மெரி. புதுப்பித்தேன். 3.

15.10.2013

3.

9.11.2014

ரெலிபோனில் சுபாங்கி பிரெஞ்சில் பதில் சொன்னாள். இந்த ஞாயிறு வர முடியாது, சிநேகிதியின் பிறந்தநாள் என்று. இவருக்கு விளங்கவில்லை, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

10.3.2016

ஐயா இப்போது தடியோடு நடக்கிறார். இடையில் இன்னொரு தரமும் தள்ளுபடியானதைத் திரும்பவும் எழுதி, இன்றைக்கு மறுபடி ஆள் வந்தது. நேற்றே ஐயா வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "துணிய கையால தொடக்கூடாது. வடை சுடக்கூடாது. ஒக்காந்துட்டே இருக்கணும்."

உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. சாமிப்படங்களைக் குசினிக்கு மாற்றி, அலுமாரியை இழுத்து நடுவில் விட்டிருந்தார் இவர். வந்தவர் வயதான மனிதர். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

பிள்ளை எங்கே படுக்கிறாள் என்று கேட்டார். கட்டிலைக் காட்டினேன். பொய் இல்லை. அது அவளுடைய கட்டில்தான்.

2.12.2016

கமிசியோன் ஒத்துக்கொண்டுவிட்டது. 'முன்னுரிமை, அவசரம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் வீடு தர வேண்டுமாம். ஐயா கைகுலுக்கினார். அவசரம் என்ற சொல்லை இவர் இரண்டு மூன்று முறை சொல்லிச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

30.6.2017

ஆறு மாதம் முடிந்துவிட்டது. கேட்டால், வரிசையில் உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்கிறார்கள். இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் சுவர் இருக்கும்.

18.5.2018

வில்லெத் பக்கம் அரச வீடு, ஐந்தாம் மாடி, அறை இரண்டு. போய்ப் பார்த்தோம். இவர் உள்ளே போனதும் அறை அறையாகச் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்த சுவர். சின்ன அறை யன்னலில் வெயில் விழுந்தது. அங்கேதான் அவளுடைய கட்டில் என்று முடிவெடுத்துவிட்டோம். குடியிருப்போர் மூன்று பேர் என்று பத்திரத்தில் அடித்திருக்கிறார்கள்.

2.9.2018

குடிவந்து இரண்டு கிழமை. சுபாங்கியிடம் இன்றைக்கு ரெலிபோனில் கேட்டே விட்டேன், எப்ப வாறாய் பிள்ளை என்று. பதின்மூன்று வயது. மெதுவாகத் தமிழிலேயே சொன்னாள், எனக்கு நோகக்கூடாது என்றுதான் தமிழில் சொன்னாள்.

"என்ரை கொலேஜ் பள்ளிக்கூடம், சிநேகிதர் எல்லாம் இஞ்சைதானே அம்மா. நான் வந்து வந்து போறன்."

அக்கா பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. அவவில் என்ன பிழை? யாரில்தான் பிழை? ஒரு வாளி வெள்ளைப் பெயின்றில் போய் முடிகிறது எல்லாம்.

13.10.2018

சனிக்கிழமை. இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். விடியத் தொடங்கியே துடைத்தேன். யன்னல், கதவுப் பிடி, குளியலறை மூலை எல்லாம். வடை சுட்டேன், ரோல்ஸ் செய்தேன், சின்ன அறைக் கட்டிலுக்குப் புதுவிரிப்பு விரித்தேன். பிறகு நாவல் நிறச் சேலையை எடுத்துக் கட்டினேன். இவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டார், "ஆர் வருகினம் எண்டு இவ்வளவு பாடுபடுறீர்?"

கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். நான் காட்டக் காட்ட ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சின்ன அறையில் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்து பார்த்துவிட்டு எழும்பி, விரிப்பைக் கையால் நீவிச் சரி செய்தாள். ஒரு வடை சாப்பிட்டாள். மூச்சு நல்லாக வருகிறது. அதைத்தான் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வீடு நல்ல வடிவா இருக்கு அம்மா" என்றாள்.

இரவு நிற்கிறாயா என்று கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் ஆறு மணி ரெயிலைப் பிடிக்க வேணும், பெரியம்மா பார்த்துக்கொண்டு இருப்பா என்று சொல்லிவிட்டாள். மிச்ச வடையைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். மெர்சி என்றாள். இவர் ரெயிலடிவரை போனார். நான் படியிறங்கிக் கீழ்க்கதவு வரைக்கும் போய், அவள் திரும்பிப் பார்த்துக் கையசைக்குமட்டும் நின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த ஆட்களை அப்படித்தான் வழியனுப்புகிறது.