ஆற்றங்கரைப் பெண்ணும் கீழ் ஆணியும்

1961 ஜூன் 4, ஞாயிறு

துரைசாணி சீமைக்குப் போகுமுன் எனக்குக் கொடுத்த எண்ணெய்ச் சாய ஓவியத்தை இன்றுதான் மாட்டினோம். போன நூற்றாண்டில் தீட்டியதாம். ஆயாவாகப் பங்களாவில் நான் தினமும் துடைத்த படம், இப்போது ஊரிகம் தங்கச் சுரங்கத்துக் கூலி லைன் வீட்டில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஏதோ பழைய நாடகத்துப் பெண். அப்பன் காதலைத் தடுத்தான், புத்தி பேதலித்து ஆற்றில் விழுந்தாள் என்று துரைசாணி சொன்னாள். படத்தில் மடி நிறையப் பூவோடு கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இங்கே எல்லா வீட்டிலும் படத்தைத் தாங்கக் கீழேயும் ஆணி அடிப்போம். சுரங்கத்தில் பாறை தானாக வெடித்தால் வீடே குலுங்குமே! என் வீட்டுக்காரர் கேட்டால்தானே. "பங்களாவுல இருந்த மாதிரியே இருக்கட்டும்" என்று ஒரே கம்பியில் தொங்கவிட்டார்.

ஜூன் 11

என் மகள் சம்பங்கி வாயைத் திறந்துவிட்டாள். காத்தவராயனைத்தான் கட்டுவாளாம். சுரங்கத்தில் இவரோடு வேலை செய்கிற பையன். நல்லவன்தான். ஆனால் நாங்கள் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். இவர் குதித்தார்: "சாமியாடற வூட்டுக்கு எம் பொண்ண குடுக்கறதா? இன்னா பேச்சு இது?"

ஜூன் 14

சம்பங்கி சாப்பிடவில்லை.

ஜூன் 17

படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். பேத்தமங்களா ஏரிக்குப் போய்வரட்டுமா என்று கேட்டாள். எதுக்குடி? "சும்மாதாம்மா." படத்தைக் கழற்றிவிடலாமா? கழற்றினால் என் பயம் அவளுக்குத் தெரிந்துவிடுமே.

அந்தப் பெண்ணுக்கு அம்மா என்று ஒருத்தி இருந்தாளா? துரைசாணி சொல்லவே இல்லை.

ஜூன் 21

காலையில் பாறை வெடிப்பு. பாத்திரமெல்லாம் உருண்டது. கம்பி அறுந்து படம் விழுந்து சட்டம் பிளந்தது. இவருக்கு மத்தியான ஷிப்ட், வீட்டில்தான் இருந்தார். காத்தவராயன் இந்த வாரம் காலை ஷிப்ட், சுரங்கத்துக்குள்ளே. சம்பங்கி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலேயே நான்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் கேட்டில், உள்ளே இருப்பவனின் அம்மா, பெண்டாட்டி, கூடப்பிறந்தவள்தான் போய் நிற்பார்கள். வேறு எவளாவது நின்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. வாட்ச்மேன் கேட்டான்: "நீங்க யாருக்காக வந்தீங்கம்மா?" சம்பங்கி என் முகத்தைப் பார்த்தாள். லைன் பெண்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

"காத்தவராயனுக்கு" என்றேன். "எங்க வூட்டு மாப்ள."

ஆட்களை மேலே ஏற்றிவரும் கேஜ் வந்து வந்து போனது. அவன் இல்லை. இல்லை. கடைசியில் வந்தான், நெற்றியில் ரத்தத்தோடு — நடந்து வந்தான்.

ஜூன் 22

"ஊரே கேட்டாச்சு, இனிமே எப்படி மாத்தறது?" என்று இவர் சுவரிடம் சொல்கிறார். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

படம் மறுபடி சுவரில் ஏறிவிட்டது. புதுச் சட்டம், கீழே இரண்டு ஆணி. அடித்தவர் மாப்பிள்ளை. சுத்தியலை எடுத்துக் கொடுத்தவர் மாமனார்.