எம்மெட் சோர்லியின் ஆறு கஜம்

ஆகஸ்ட் 12, திங்கள்

காரில் ஏசி மறுபடி பழுது. மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அணியைப் பற்றி நான் போட்ட கணக்கு அறிக்கையைக் கார்லிடம் கொடுத்தேன். தலைமைப் பயிற்சியாளரான அவர் பதினான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

போன வருடம் அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் கல்லூரி அணி பதினோரு ஆட்டத்தில் ஏழு ஜெயித்தது. தடுப்பணியால்தான் ஜெயித்தோம் என்று எழுதியிருக்கிறேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினாறு புள்ளிதான் விட்டிருக்கிறார்கள். எங்கள் பிரிவில் அதுதான் குறைவு. நாங்கள் எடுத்ததோ வெறும் இருபது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் எம்மெட் சோர்லி எறிந்தால் சராசரி ஆறு கஜம். கடைசிக்கு முந்தைய இடம். 'தடுப்பணி அவனைச் சுமக்கிறது.' அந்தச் சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"அப்ப எம்மெட்டுக்குப் பதிலா ட்ரென்ட்டை இறக்கலாம்ங்கிற."

"எண்ணு அப்படித்தான் சொல்லுது, கார்ல்."

டுவேன் ஜன்னலோரம் நின்றிருந்தான். தடுப்பணிக்குப் பயிற்சியாளர், எனக்குக் கணவன். வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் தோளில் ஒரு தட்டு தட்டினான். அவனுடைய ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இந்த அறிக்கை அவனுக்கும் நல்லதுதான். அதற்காக எழுதவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

எம்மெட் என் அறைக்கு வந்தான். கையில் என் அறிக்கை, கார்ல் கொடுத்தாராம். போன வசந்தத்தில் என் புள்ளியியல் வகுப்பில் இருந்தவன். கடைசி வரிசை, நேரம் தவறாதவன், கேள்வியே கேட்காதவன். இன்று கேட்டான்.

"மிஸஸ் வாஸ், ஆறு கஜம்னு போட்டிருக்கீங்க. சரிதான். ஆனா நாலு கஜம் இருந்தா போதும், பந்து நம்மகிட்டயே இருக்கும்கிற நேரத்துல ஆறு எறிஞ்சா, அது குறைச்சலா?"

"ஒரு எறிதலைப் பாத்தா நீ சொல்றது சரி. முந்நூறு எறிதலைச் சேத்துப் பாத்தா வேற கதை, எம்மெட்."

கொஞ்சம் யோசித்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். இது அவனுக்குக் கடைசி ஆண்டு.

நன்றாகப் பதில் சொன்னதாக எனக்கு ஒரு திருப்தி. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

செப்டம்பர் 7, சனி

முதல் ஆட்டம், ஜெயம். ட்ரென்ட் அறுபது கஜம் எறிந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. கார்ல் என்னைத் தேடி வந்து கைகொடுத்தார். எம்மெட் ஓரத்தில் நின்று யாருக்கோ தண்ணீர் புட்டி நீட்டிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

டுவேனுக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள். மாட்டுக்கறி வறுத்தேன். நிறையச் சாப்பிட்டான், கொஞ்சமாகப் பேசினான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எம்மெட் அணியை விட்டுவிட்டான். கல்லூரியையும். அறுவடைக்கு வீட்டில் ஆள் இல்லையாம். அந்த வீட்டில் போன வருடமும் அறுவடை நடந்தது.

செப்டம்பர் 28, சனி

தொடர்ந்து மூன்றாவது தோல்வி. மூன்றிலும் நல்ல எண்ணிக்கையில்தான் எடுத்திருக்கிறோம். தடுப்பணிதான் அதற்கு மேல் விடுகிறது. போன வருடத்து ஆட்கள், போன வருடத்துப் பயிற்சி. கடைசிக் கால் மணியில் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறார்கள், மூச்சு வாங்குகிறது. தடுப்பணியின் டெஷான் பெட்வே அப்படி நின்றவன் ஓட எழுந்தான், கால் மடங்கிவிட்டது. வலது முழங்கால். தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டே நின்றான்.

அவர்களுக்கு ஏன் இவ்வளவு களைப்பு?

அக்டோபர் 3, வியாழன்

மதியம் வகுப்பில்லை. ஆட்டத் தாள்களையெல்லாம் சமையலறை மேசையில் பரப்பினேன். புள்ளிகளை விட்டுவிட்டு வேறொன்றை எண்ணினேன். ஓர் ஆட்டத்தில் பந்து ஒவ்வொரு அணியின் கைக்கும் எத்தனை முறை வந்தது?

எம்மெட் ஆடியபோது எட்டு முறை. ட்ரென்ட் ஆடும்போது பதின்மூன்று.

எம்மெட் சின்னச் சின்னதாக எறிந்து, ஒரு தடவை பந்து கையில் வந்தால் நாலைந்து நிமிடம் விடமாட்டான். அத்தனை நேரமும் தடுப்பணி உட்கார்ந்து இளைப்பாறும். எதிராளிக்கும் எட்டே முறைதான் பந்து. ட்ரென்ட் எறிந்தால் அறுபது கஜம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஒரு நிமிடத்தில் பந்து எதிராளியிடம் போய்விடும். தடுப்பணி மறுபடி எழுந்து ஓட வேண்டும்.

எட்டு முறையில் பதினாறு புள்ளி விட்டார்கள் — முறைக்கு இரண்டு. இந்த வருடம் பதின்மூன்று முறையில் இருபத்தாறு. அதுவும் இரண்டு. போன வருடமும் சுமாரான தடுப்பணிதான். எம்மெட் எட்டு முறையில் இருபது எடுத்தான், முறைக்கு இரண்டரை. ட்ரென்ட் பதின்மூன்று முறையில் இருபத்து மூன்று. இரண்டுகூட இல்லை.

சுமந்தவன் அவன்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் வகுப்பில் பலகையில் நான் எழுதுவது இதைத்தான்: மொத்தத்தைப் பார்க்காதே, எத்தனை வாய்ப்பில் என்று கேள். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். அந்தப் பதினான்கு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தெரியாமலா? இல்லை, அந்தப் பதினாறு யாருடைய பதினாறு என்று தெரிந்ததாலா?

அக்டோபர் 4, வெள்ளி

டுவேன் காபியோடு உட்கார்ந்ததும் தாளை முன்னால் வைத்தேன். படித்தான். ஆச்சரியமே படவில்லை. அங்கேதான் எனக்குப் புரிந்தது.

"உனக்குத் தெரியும்."

"களத்தோரம் நிக்கிறவனுக்குத் தெரியாதா, அனெட்? அந்தப் பையன் பந்தைப் பிடிச்சு வச்சிருந்தா என் ஆளுங்க காலை நீட்டி உக்காந்திருப்பாங்க. அதுக்குக் கணக்கு எதுக்கு?"

"அப்ப ஆகஸ்ட்ல ஏன் வாயத் திறக்கல?"

"நீதான எழுதுன. கணக்குல நீ பெரியவ. நீயே சொல்றப்ப நான் போய்... எனக்கு ஐம்பத்து மூணு வயசு. டிசம்பர்ல வெளிய போன்னா எங்க போவேன்?"

"அவனுக்கு இருபத்திரெண்டு, டுவேன்."

"தெரியும்."

கத்த வேண்டும் போலிருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? அவன் தெரிந்து மறைத்தான். நான் தெரிந்துகொள்ளாதபடி பார்த்துக்கொண்டேன். ரெண்டுல எது கேவலம்னு எனக்குத் தெரியல. கோப்பையைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவின கோப்பை.

அக்டோபர் 7, திங்கள்

கார்ல் புதுத் தாளைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஆகஸ்ட்ல இது எங்க இருந்துச்சு?"

"நான் பாக்கல."

"டுவேனுக்கு இது தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை காட்டினேன்."

நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. கூடப் படித்த பையன்களை அனுப்பி எம்மெட்டைக் கூப்பிடுகிறேன் என்றார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இரண்டு மணி நேரப் பயணம். சோளக் காடு பாதி வெட்டியிருந்தது. எம்மெட் அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கி, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான், கறுத்திருந்தான். மண் வரப்பிலேயே நின்று, புதுத் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு முறை, பதின்மூன்று முறை.

"வாங்கன்னா வந்து ஆடுவேன்னு நினைச்சீங்களா?"

"ஆடணும்னு கார்ல் சொல்றார். நானும்."

"முடியாது, மேடம். கோபத்துல சொல்லல." தரையைப் பார்த்தான். "உங்க முதல் தாளைப் படிச்சப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இத்தனை வருசம் கூட ஆடுனவங்களை ஏமாத்திட்டேன்னு. அவங்க சுமக்க நான் உக்காந்திருந்தேன்னு. டெஷான்கிட்டப் போய் மன்னிப்பு கேட்டேன். அவன் சிரிச்சான், நம்பவே இல்ல. நான் நம்புனேன். எண்ணு யார் பக்கமும் சாயாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

கீழே கிடந்த ஒரு சோளக் கதிரை எடுத்துக் கையில் உருட்டினான்.

"இப்ப பந்தைக் கையில எடுத்தா எறியறதுக்கு முன்னாடி யோசிக்கிறேன். யோசிச்சா முடிஞ்சுது. எதிராளி மேல வந்து விழுந்துருவான்."

கிளம்பும்போது கேட்டான்: "அந்தத் தாளை வச்சுக்கவா? அப்பாவுக்குக் காட்டணும்."

கொடுத்தேன். நான் காரைத் திருப்புவதற்குள் இயந்திரத்தில் ஏறிவிட்டான்.

அக்டோபர் 14, திங்கள்

வகுப்பில் பலகையில் மறுபடி அந்த வரியை எழுத வேண்டி வந்தது. எழுதவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

எம்மெட்டின் அப்பா வந்தார். ஓரின் சோர்லி. உயரமான மனிதர், தொப்பியைக் கையில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆகஸ்ட் மாதத்தது ஒன்று, அக்டோபரில் கொடுத்தது ஒன்று.

"நான் கணக்கு தெரிஞ்சவன் இல்ல. இதைப் படிச்சுட்டுத்தான் அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அடுத்தவன் முதுகுல ஏறி நிக்காதடான்னு சொன்னேன். அப்படியே சொன்னேன், அதே வார்த்தை. இப்ப இதையும் படிச்சேன். எதை நம்பணும்?"

"ரெண்டாவதை, மிஸ்டர் சோர்லி."

அவர் குனிந்து இரண்டின் அடியிலும் விரல் வைத்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். முதல் கணக்கைத் தவறாகப் போட்டேன் என்றேன். தவறு எனக்கு வசதியாக இருந்ததால் கண்ணில் படவில்லை என்றும் சொன்னேன். தடுப்பணி என் கணவருடையது என்றேன். இதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவன்கிட்ட நான் சொன்னதைத் திருப்பி எடுக்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்றார். பிறகு, அது என்னிடம் கேட்கிற கேள்வி இல்லை என்று தோன்றியதோ என்னவோ, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தாள்கள் மேசையிலேயே கிடந்தன.

நவம்பர் 25, திங்கள்

நாலு ஜெயம், ஏழு தோல்வி. முடிந்தது. காலையில் டுவேன் தானாகக் கார்லின் அறைக்குப் போனான். ஆகஸ்டிலேயே தெரியும் என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"நீ எனக்காக மூடி மறைச்சேன்னு கார்ல் பேச்சுல தெரிஞ்சுது" என்றான். "மறைக்கறதுக்கு ஒருத்தர் போதும்."

ஜனவரி 11, சனி

டுவேனுக்குத் தெற்கு டகோட்டாவில் ஒரு சின்ன ஊர், உயர்நிலைப் பள்ளி. தலைமைப் பயிற்சியாளர் வேலை, கூடவே உடற்பயிற்சி வகுப்பும். பெட்டிகளைக் காரில் ஏற்றினோம். எனக்கு மே வரை வகுப்பு இருக்கிறது என்றேன். மே என்று அவனும் சொன்னான். இருவருமே மாதத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினோம்.

செப்டம்பர் 13, சனி

மே போய் நாலு மாதம். நான் இங்கேதான் இருக்கிறேன். அணிக்குக் கணக்குப் போடுவதை விட்டாயிற்று. படிப்பை முடிக்க மறுபடி சேரலாம் என்று எம்மெட்டுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. வராமல் இருப்பதும் அவன் உரிமை.

காலையில் டுவேன் கூப்பிட்டான்.

"நேத்து ஜெயிச்சோம். பதினாலு புள்ளி விட்டோம்." பிறகு சேர்த்தான். "பத்து முறையில."

நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"எங்க குவாட்டர்பேக் சின்னப் பையன். தூரமா எறிய வராது, ஆனா பந்தை விடமாட்டான். ஊர்ல பெரியவங்க நாலு பேர் வந்து ஆளை மாத்துன்னு உக்காந்துட்டாங்க. ஒருத்தர் கையில பட்டியல் வேற. எத்தனை கஜம், எத்தனை புள்ளின்னு."

"என்ன சொன்ன?"

"எம்மெட்டுக்கு நடந்ததைச் சொன்னேன். முழுசா."

"யார் பண்ணதுன்னும் சொன்னியா?"



"சொன்னேன். நம்ம ரெண்டு பேர் பேரையும்."

சரி என்றேன்.