விளக்கு அணையாத கிணறு

என் ஆசை அண்ணாவுக்கு,

எனக்கு வருகிற கோபத்துக்கு நேரிலேயே கத்தியிருப்பேன். கேட்க நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்; படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரம் போயிருந்தேன். நம் கிணற்றில் தண்ணீர் மறுபடி கீழே போய்விட்டது. மேலே இருந்த ஆயில் இன்ஜின் இழுக்கவில்லை என்று, உங்கள் மச்சினன் செல்லமுத்து அதைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி ஓட்டியிருக்கிறான். நீங்களும் இதேபோல் இன்ஜினை இறக்கி ஓட்டிச் செத்த அதே திட்டில்! இன்ஜின் நின்றுபோனதும் லாந்தரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தான்.

"வெளக்கு எரியுதுங்க. ஒண்ணும் ஆகாது."

"உங்க மச்சானுக்கும் எரிஞ்சுதுதானே?" என்றேன்.

"அது அவரு விதிங்க."

விதியாம், மண்ணாங்கட்டி!

பாட்டன் காலத்திலிருந்து பாழுங்கிணற்றில் விளக்கு விட்டுப் பார்த்துத்தான் இறங்குகிறோம். அணைந்தால் மூச்சுக்குக் காற்றில்லை. சரிதான். ஆனால் அந்தக் கிணறுகளில் இன்ஜின் ஏது அண்ணா? இன்ஜின் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசமில்லை. அதில் விளக்கு நன்றாக எரியும், ஆள்தான் செத்துப்போவான்.

நீங்கள் போன பிறகு சேலத்து நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். சீமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கை நம்பிப் போனவர்கள் செத்து விழுந்தார்களாம். பிறகுதான் கூண்டில் குருவி கொண்டுபோனார்களாம். குருவி மயங்கினால் ஓடி வந்துவிடுவார்கள். நம் அப்பா பிறக்கும் முன்பே தெரிந்த சங்கதி இது! நம் பாடப்புத்தகத்தில் "எரிவதற்குப் பிராணவாயு தேவை" என்று ஒரே ஒரு வரி. யார் எங்கே தப்புப் பண்ணி, எத்தனை உயிரைக் கொடுத்துக் கற்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது. அதை யார் சொல்லித்தருவது?

போன வருஷம் இதை வகுப்பில் சொல்லப்போனேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "பரீட்சைக்கு வராத கதை எதுக்குங்க டீச்சர்?" என்கிறார். செயற்கைக்கோள் விட்டோம் என்று ரேடியோவில் பீற்றிக்கொள்ள மட்டும் இந்த நாட்டுக்குத் தெரிகிறது. என் அண்ணன் செத்த கதைங்க அது என்று வாய் வரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கினேன். தூ, என்ன பிழைப்பு!

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்து இறங்கப் போனான். கையைப் பிடித்தேன், உதறினான். அண்ணி வேறு, "மஞ்சக்காடு காயுது, உடுங்க" என்றார். அப்போதுதான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நீங்கள் இறங்கும் முன் என்னைத்தானே கேட்டீர்கள்? "ஏஞ் சாமி, நீ படிச்சவ. வெளக்கு எரிஞ்சாப் போதுமில்ல?" புத்தகத்தை ஒப்பித்தே பழகிய இந்த வாயால் "போதும்ண்ணா" என்றேன்.

அண்ணி லாந்தர்க் கயிற்றை மேலே இழுத்தார். பிறகு தம்பியிடம், "இந்தப் பக்கம் வா சாமி. மஞ்ச காஞ்சாக் காயட்டும்" என்றார். என்னோடு இன்றுவரை பேசவில்லை.

நாளை எட்டாம் வகுப்புக்கு அந்தப் பிராணவாயுப் பாடம். தலைமையாசிரியர் வாசலிலேயே நிற்கட்டும். சுரங்கத்தையும் சொல்வேன், நம் கிணற்றையும் சொல்வேன், அன்று பதில் சொன்னவள் யார் என்றும் சொல்வேன். உங்கள்மேல் சத்தியம்.

உங்களை இறங்கச் சொன்ன தங்கச்சி,
சரசு