எதிர்க்கடையும் நம் கடையும்

அன்புள்ள அத்தாவுக்கு, பர்மிங்காமிலிருந்து மரீஹாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

என் வேலை நிரந்தரமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் இந்தச் சண்டையில் எங்கள் ஆய்வு அலுவலகத்தில் சிலரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று அப்போது சொல்லவில்லை.

நேற்று மேலாளர்கள் முன் பேசினேன். ஒரு மணி நேரத்தில் பிரிட்டிஷ்காரரைவிடப் பிரெஞ்சுக்காரர் அதிகம் உற்பத்தி செய்கிறார். ஆனாலும் வேலையில்லாதவர்கள் பிரான்சில்தான் அதிகம். அது எப்படி என்று கேட்டார்கள். பதற்றத்தில் பாடமெல்லாம் மறந்து, நம்மூர் பாச்சாங்கில் உள்ள நம் மளிகைக் கடையைச் சொல்லிவிட்டேன். ஹாசிக் நிறுப்பான், அஹமது மச்சான் பொட்டலம் கட்டுவார், சாச்சா காசு வாங்குவார். ஆள் எதற்கு இத்தனை என்றால், "இருந்துட்டுப் போகட்டும் லா, வெளிய விட்டா எங்க போவான்?" என்பீர்கள். எதிர்க்கடையில் இரண்டே பேர், வேலை பறக்கும். ஆனால் வேலை கேட்டு வருகிறவர் திரும்பிப் போக வேண்டியதுதான். நம் கடை பிரிட்டன், எதிர்க்கடை பிரான்ஸ் என்றேன். மேலாளரே சிரித்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு யாரையும் நிறுத்திவிடாதீர்கள். இங்கே கடையில் இயந்திரமே காசு வாங்குகிறது. ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிடுகிறேன்.

மசாலாத்தூள் தீர்ந்துவிட்டது. அனுப்பினால் அஹமது மச்சானே கட்டட்டும். நூலை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சரி, நான் மெதுவாகவே பிரிப்பேன்.

பஸ் வந்துவிட்டது.

மகள் மரீஹா