வரிசையில் விட்ட காலி இடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ரஸ்க் தன் அறைக்குக் கூப்பிட்டான். எங்கள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு அவன்தான் தலைவன். எந்த சனிக்கிழமை எந்த அணியோடு, கவசம் போட்டு மோதுகிற எங்கள் ஃபுட்பால் ஆடுவது என்று பேசி முடிப்பது என் வேலை.

"கேய்ன்ஸ், லாவெல் கல்லூரிக்கு நீயே நேர்ல போய் சொல்லிடு. செப்டம்பர் ஆட்டம் வேண்டாம். ஒப்பந்தப் பணம் மொத்தமா குடுத்துடறோம், வர வேண்டாம்னு."

காரணத்தை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன செப்டம்பரில் எங்கள் ஸ்டேடியத்தில் அந்தப் பையன் விழுந்தான். டெவ்ரின் ஓட்ஸ். லாவெல் வரிசையில் இடது ஓரம் நின்று மோதித் தடுப்பவன். எங்கள் அணியின் க்வேட் மோதியதில் கழுத்து போயிற்று. விதிப்படி நடந்த மோதல்தான், யாரும் தப்பு சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். தொண்ணூறாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களிடம் வந்து ஆடுவதற்கு லாவெல்லுக்குப் பணம் கொடுக்கும் இரண்டு வருஷத்து ஒப்பந்தம். ஓர் ஆட்டம் மிச்சம்.

மார்ச் 7, வெள்ளி. லாவெல், விடுதி அறை

மலைக்குள் வளைந்து வளைந்து வந்தேன். கல்லூரி மைதானம் எங்கள் பயிற்சித் திடலில் பாதி இருக்கும். ஒரு பக்கம்தான் இருக்கைகள்.

கேய்ன்ஸ் மேப்ரி என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர்கள் கோச் ஹாலிஸ் டான்பி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அறுபது வயசு, கை மரக்கட்டை மாதிரி.

"விளையாடாம காசு வாங்கினா அதுக்குப் பேரு வேற, மிஸ்டர் மேப்ரி."

"உங்க பசங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கோச். எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனும் உங்க ஆளுங்களைவிட அம்பது பவுண்டு எடை கூட. இது போட்டியே இல்ல."

"தெரியும். முப்பது வருஷமா தெரியும். ஆனா எம் பசங்களைக் கேளுங்க. உங்க ஸ்டேடியப் புல்லுல ஒரு நாள் ஓடணும்னுதான் பாதிப் பேரு இங்க வந்து சேர்றான். எங்களுக்குப் பலம் பத்தாதுங்கிறதை மைதானத்துல காட்டுங்க. மேசைக்குப் பின்னால உக்காந்து முடிவு பண்ணாதீங்க."

மாலைப் பயிற்சிக்கு முன் அவர் பேர் வாசித்தார். ஒவ்வொருவனாகக் கை தூக்கினான். "ஓட்ஸ்" என்றார். எல்லாரும் சேர்ந்து "இருக்கான், கோச்" என்றார்கள். இறந்தவனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால்— ஒருவன் குரலிலும் துக்கம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்கள்.

மார்ச் 8, சனி

எழுதலாமா என்றே தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் டான்பி என்னை டெவ்ரினின் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார். வில்லீன் ஓட்ஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஊரே அவரை 'மிஸ் வில்லீன்' என்றுதான் கூப்பிடுகிறது. சமையலறை மேசையில் கார்ன்பிரெட், பீன்ஸ், சர்க்கரை தூக்கலாக டீ. சாப்பிடாமல் பேச விடவில்லை. காலடியில் ஒரு கிழட்டு நாய்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எம் பையனைக் காரணம் காட்டி நிறுத்தாதீங்க. அவன் ஆசைப்பட்டுப் போன எடம் அது. அவனாலதான் ஆட்டம் போச்சுன்னு இந்த ஊரு பேசறத நான் கேக்கணுமா?"

"மிஸ் வில்லீன், இன்னொரு பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா—"

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. வீட்டு முன்பக்கப் பலகைத் தளத்தில் யாரோ ஆட்டத்துக்குப் போடுகிற ஸ்பைக் ஷூவோடு நடக்கிற சத்தம். கடக், கடக், கடக். கனமான ஆள். கதவுப் பக்கம் வந்து நின்றது. நாய் படுத்தபடியே வாலை ஆட்டியது.

யாரும் எழுந்திருக்கவில்லை. டான்பி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ வந்திருக்காங்க போல" என்றேன்.

"சனிக்கிழமைல மட்டும் வருவான்" என்றார் அந்த அம்மா. "உள்ள வர மாட்டான். ஷூவோட வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சின்ன வயசுலேருந்து சொல்லி வளர்த்தது."

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பலகைத் தளம், நாற்காலி, எதிரே மலை. ஆள் இல்லை. தளத்தின் இரண்டு ஓரமும் எட்டிப் பார்த்தேன்.

"கதவை மூடுங்க, மிஸ்டர் மேப்ரி. குளிர் உள்ள வருது" என்றார்.

மார்ச் 10, திங்கள்

ரஸ்கிடம் சொன்னேன். சத்தத்தைப் பற்றி இல்லை. அவர்கள் வருகிறார்கள் என்று மட்டும்.

"அப்போ சரி" என்றான். அவனுக்கு நிம்மதிதான். லாவெல் ஆட்டத்துக்கு அடுத்த வாரம் எங்களுக்குக் கடுமையான ஆட்டம். முன்னால் ஒரு சுலபமான வெற்றி வேண்டும்.

என் மனைவி காரினிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பாவம், அந்தப் பொம்பளை அதுக்குப் பழகிட்டாளே" என்றாள். அப்புறம், "நீ அந்த ஆட்டத்தை நடத்தாத, கேய்ன்ஸ்." நான் நடத்துகிறேனா? தேதி குறிக்கிறேன், அவ்வளவுதானே?

ஆகஸ்ட் 20, புதன்

க்வேட் பயிற்சி முடிந்து என்னைத் தேடி வந்தான். மலை மாதிரிப் பையன், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது.

"சார், லாவெலோட ஆடற அன்னைக்கு நான் ஆடாம வெளில உக்காந்துக்கலாமா?"

"கோச்சைக் கேளு."

"கேட்டேன். மனசைத் தேத்திக்கிட்டு ஆடுங்கிறாரு." தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மோதினப்போ அவன் ஏதோ சொன்னான் சார். என்னன்னு காதுல விழல. ஒரு வருஷமா அதையே கேக்க முயற்சி பண்ணிட்டிருக்கேன். தூக்கமே இல்ல."

 தோளைத் தட்டி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

 எழுத்து கோணலாக வருகிறது, போகட்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் டான்பி வந்து கேட்டிருந்தார். லாவெல்லின் முதல் ஆட்ட நகர்வில் அவர்கள் பதினொரு பேருக்குப் பதில் பத்துப் பேரைத்தான் நிறுத்துவார்கள். இடது ஓரம், டெவ்ரின் நின்ற இடம், காலியாக இருக்கும். பந்து கைக்கு வந்ததும் அதை வாங்கிய பையன் மண்டியிடுவான், அத்தோடு அந்த நகர்வு முடியும். எங்கள் ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் கோச் ஒத்துக்கொண்டார். ரெஃப்ரிகளுக்கும் சொல்லியாயிற்று. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள், அப்படியே அமைதி.

நான் மைதான ஓரத்தில் நின்றேன். லாவெல் பத்துப் பேர் குனிந்து வரிசையாக நின்றார்கள். அந்தக் காலி இடத்துக்கு நேர் எதிரே க்வேட்.

பந்து பின்னால் போனது. அதை வாங்கிய பையன் மண்டியிட்டான். யாரும் அசையவில்லை.

சத்தம் கேட்டது. தோள் கவசம் மார்புக் கவசத்தில் முழு வேகத்தில் மோதுகிற சத்தம். அது எனக்குத் தெரியாத சத்தமா? முப்பது வருஷமாகக் கேட்கிறேன். அந்த அமைதியில் அது மேல் வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. க்வேட் இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப, பின்னால் போய் மல்லாந்து விழுந்தான்.

யாரும் அவனைத் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் யாருமே இல்லை.

ஒரு குழந்தை எங்கோ அழ ஆரம்பித்தது. க்வேட் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கையை நீட்டினான். நீட்டிய கையோடு எழுந்தான். தரையில் கை ஊன்றவில்லை, காலை மடக்கவில்லை. யாரோ பிடித்துத் தூக்கிவிட்டால் எப்படி எழுவோமோ அப்படி.

அப்புறம் ஆட்டம் நடந்தது. ஆமாம், நடந்தது! இடைவேளையில் நாற்பத்தொன்பது, பூஜ்யம். கூட்டத்தில் பாதி, கார் நிறுத்துமிடத்தில் கறி சுட்டுச் சாப்பிட வெளியே போய்விட்டது. லாவெல் பையன்களில் இரண்டு பேரை வண்டியில் வைத்து வெளியே எடுத்துப் போனார்கள். ஒருவனுக்குக் கால் எலும்பு, இன்னொருவனுக்குத் தோள். ஒலிபெருக்கியில் பாட்டு போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அறுபத்தாறு, பூஜ்யம்.

"புல்லு வழுக்கிடுச்சு" என்றான் ரஸ்க். "பையன் வழுக்கி விழுந்தான். வேற ஒண்ணும் இல்ல, கேட்டியா?"

செப்டம்பர் 14, ஞாயிறு

வீடியோ பார்த்தேன். பல கோணங்களில். வழுக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

க்வேட் வந்தான். முகம் தெளிந்திருந்தது. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறானாம்.

"என்னைத் தூக்கிவிட்டான் சார். 'நல்ல அடிடா'ன்னான். போன வருஷமும் அதைத்தான் சொல்லியிருக்கான். எனக்குத்தான் கேக்கல."

அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செத்தவன் மன்னித்துவிட்டான். கால் உடைந்து கிடக்கிறானே ஒருவன், அவன்?

அக்டோபர் 6, திங்கள்

வில்லீன் ஓட்ஸ் போன் செய்தார்.

"மிஸ்டர் மேப்ரி, எம் பையன் வீட்டுக்கு வரல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்த ஆட்டத்துக்கப்புறம் ஒரு சனிக்கிழமை கூட வரல. நாய் கதவுகிட்ட போய்ப் போய்ப் படுத்துக்குது. அவன் அங்கேயே நின்னுட்டான்னு நெனைக்கிறேன். உங்க எடத்துல ஏதாவது..." நிறுத்திவிட்டார்.

இருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? புல் பராமரிக்கிற லெமுவல் போன வாரமே சொன்னான். விருந்தினர் அணி வெளியே வருகிற சுரங்க வழியில் ஸ்பைக் ஷூ சத்தம். பட்டப்பகலில். வாசல்வரை வருகிறது, திரும்பிப் போகிறது, மறுபடி வருகிறது. "பேர் கூப்பிட்டா ஓடி வரலாம்னு காத்துக்கிட்டிருக்கற மாதிரி" என்றான். அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

சொல்லிவிட்டேன். 

"நான் வரேன். வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்துப்போகிற மாதிரி.

அக்டோபர் 14, செவ்வாய்

வில்லீன் ஓட்ஸ் மத்தியானம் வந்தார். நல்ல வெயில். காலி ஸ்டேடியம். ரஸ்குக்குத் தெரியாது. க்வேட் எப்படியோ கேள்விப்பட்டு வந்து நின்றான். அந்த அம்மா யார் என்று அவனுக்குத் தெரியும், அவன் யார் என்று அவருக்கும் தெரியும். கிட்டே போய் அவன் கன்னத்தில் ஒரு கணம் கை வைத்தார். 

சுரங்க வழி வாசலில் அவரை விட்டுவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம். உள்ளே இருட்டு. சத்தம் இருந்தது. கடக், கடக். நானும் கேட்டேன், க்வேடும் கேட்டான்.

"டெவ்ரின்" என்றார். சாதாரணக் குரல்தான். சத்தம் நின்றது.

"ஆட்டம் முடிஞ்சுதுடா, கண்ணு. போன வருஷமே முடிஞ்சுது. நாந்தான் மறுபடி அனுப்பினேன். ஊரு பேசுமேன்னு அனுப்பிட்டேன், எந் தப்பு. இனிமே யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. வா, போலாம்."

காத்திருந்தார். பிறகு திரும்பி, எங்களைப் பார்க்காமல், மெதுவாக நடந்தார். உயரமான யாரோ பக்கத்தில் வருவது போல நடையைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொண்டு, அவ்வப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு. கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டார். இருக்கையைப் பின்னால் தள்ளினார், நீளக் கால்காரன் உட்காருவதற்காக. கொஞ்சம் பொறுத்துக் கதவைச் சாத்தினார்.

கார் அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது. நான் பார்த்தேன். என்னோடு க்வேடும் பார்த்தான்.

கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார். "கோச்கிட்ட நானே பேசிக்கறேன். இனிமே லாவெல் இங்க வராது. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

கார் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். 

டிசம்பர் 3, புதன்

துறைக் கூட்டம். கீழ்ப்பிரிவு அணிகளோடு இனி ஆட வேண்டாம் என்று சொன்னேன். முதல் முறையாக உரக்கச் சொன்னேன்.

"அவங்களுக்கு அது வருஷத்துல ஒரே பெரிய நாள், கேய்ன்ஸ். அந்தப் பசங்க ஆசையைப் பறிக்க நீ யாரு?" என்றான் ரஸ்க்.

நியாயம்தான். டான்பியும் இதைத்தான் சொன்னார். எனக்கே இன்னும் பாதி மனசு அந்தப் பக்கம் இருக்கிறது.

"ஆசை அவங்களோடது. ஆனா நாம எதுக்குக் கூப்பிடறோம்? ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே? இடைவேளைக்கு மேல உக்காந்து பாக்க நம்ம ஆளுங்களுக்கே பொறுமை இல்ல. யாரும் பாக்காத எடத்துல அந்தப் பையன் கால் உடைஞ்சுது, ரஸ்க்."

 கை தூக்கச் சொன்னார்கள். என் கை மட்டும் தனியாக இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

லாவெல் விட்டுப்போன செப்டம்பர் தேதியை அடுத்த வருஷத்துக்கு வேறொரு மலைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. கூட்டம் முடிந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ராஜினாமாவில் போட்டேன்.

செப்டம்பர் 12, சனி. ராஜினாமாவுக்கு ஒன்பது மாதம் கழித்து

காரினும் நானும் விடியலிலேயே கிளம்பி லாவெல் போனோம். எதிரணி பக்கத்து மலையில் இருக்கிற கல்லூரி, இவர்கள் அளவுதான். மிஸ் வில்லீன் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். க்வேட் படிப்பு முடித்துவிட்டான், மேல் வரிசையில் உட்கார்ந்து இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பதினேழுக்குப் பதினாறு. எதிரணி முன்னிலை. கடைசி நிமிஷம். பந்து இவர்கள் கையில்.

"கண்ணு தெரியலையாடா ரெஃப்ரி! உங்க அம்மாகிட்ட சொல்றேன் இரு!" மிஸ் வில்லீன்தான். முழு ஊருக்கும் கேட்டது. காரின் சிரித்து சிரித்துத் தொப்பியைக் கீழே போட்டாள்.

லாவெல் பையன் ஒருவன் பந்தோடு வலது ஓரமாக ஓட ஆரம்பித்தான். ஒருவனை ஏமாற்றினான். இன்னொருவனையும். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது, எதிரே வருகிறவனுக்கும் தெரியாது.

"யோவ், உக்காருய்யா! பின்னால இருக்கவன் பாக்க வேண்டாமா?" என்று யாரோ கத்தினான். என்னைத்தான். எப்போது எழுந்து நின்றேன்?

உட்காரவில்லை.