மீட்டர் நின்ற பனிக்காலம்

அண்ணை,

குளிர் தொடங்கிவிட்டதென்று போன வருடத்து ஜக்கெற்றை எடுத்து மாட்டினேன். பைக்குள் கையை விட்டால், ஒட்டிப்போன இஞ்சி டொபி ஒன்று. சிகிச்சை முடிந்து வரும்போது வாந்திக்கு நீங்கள் ஒன்று வாயில் போட்டு, எனக்கும் ஒன்று நீட்டுவீர்களே, அது. எனக்கு ஒரு வருத்தமுமில்லை, வாந்தியுமில்லை, ஆனாலும் வாங்கிச் சூப்புவேன். சும்மா கிடைப்பதை நான் எப்போது வேண்டாமென்றிருக்கிறேன்?

உங்கள் காரை விற்றாயிற்று. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன பனிக்காலம் முழுக்க நான்தான் உங்கள் காரில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வீட்டில் அக்காவுக்கு நீங்கள் சொன்னது, டோர்வலில் விடிகாலை வேலை என்று. தொடக்கத்திலேயே ஓடிய தூரம் காட்டுகிற மீட்டர் நின்றுவிட்டது. திருத்துவோம் என்றேன்.

"விடடாப்பா, மீட்டர் ஓடேல்லை எண்டால் நாங்கள் ஒரு இடமும் போகேல்லை" என்று சிரித்தீர்கள். "என்ரை மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதை" என்றதும் அதே காருக்குள்தான்.

பனி கரையும் நேரம் நீங்கள் விழுந்தீர்கள். அப்போதுதான் நோய் கண்டுபிடிபட்டதென்று அக்கா நம்பினார். ஒரு மாதத்தில் கொண்டுபோய்விட்டதே என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் ஊற்றினேன்.

பிறகு அக்கா காரை விற்பதற்காகத் திருத்தக் கொடுத்தார். மீட்டர் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது, இடையில் ஒன்றும் நடக்காத மாதிரி. இங்கே காரை விற்பவர், மீட்டர் காட்டுவது உண்மைத் தூரமில்லையென்றால் அதைச் சட்டப்படி எழுதிக் கையெழுத்து வைத்துச் சொல்லியாக வேண்டும். வாங்க வருபவரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய்க் காதில் போட்டுவிடுவோம் என்று திட்டம் போட்டேன். பத்தாம் வகுப்போடு நின்ற மூளை. விற்பவர் அக்கா, கையெழுத்தும் அக்காவுடையது என்பது அதற்கு எட்டவில்லை.

காரை வாங்க லவாலிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தது, குழந்தைகள் காப்பகத்தில் வேலையாம். நான் வாய் திறக்குமுன் மீட்டர் சரிதானே என்று கேட்டது.

"ஓம் பிள்ளை, அவர் டோர்வலுக்கு வேலைக்குப் போய் வந்த தூரம்தான்" என்று அக்கா பேனையை எடுத்தார்.

அவரைப் பொய்யில் கையெழுத்து வைக்க விட என்னால் முடியவில்லை, அண்ணை.

"பொறுங்கோ அக்கா. பனிக்காலம் முழுக்க மீட்டர் ஓடேல்லை."

"அது உமக்கெப்பிடித் தெரியும்? கார் எங்கை போனது?"

சொன்னேன்.

அக்கா அழவில்லை. அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மீட்டரை நம்பாதை பிள்ளை. கூட ஓடியிருக்கு. எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது."

பிள்ளை யோசித்து, விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு போனது. கார் தெருவைத் தாண்டும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலையாலை வந்து சாப்பிடேல்லையெண்டு அவரோடை ஒவ்வொரு நாளும் சண்டை பிடிச்சனான். அதும் உமக்குத் தெரியுமோ?"

தெரியும். அந்தச் சண்டைகளை நீங்கள் அக்காவின் குரலிலேயே நடித்துக் காட்ட, சிரித்துச் சிரித்து ஒருநாள் சிவப்பு விளக்கையும் தாண்டினேனே. ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

பனி கொட்டினால் அஹுன்ட்சிக் வீட்டுக்கு வந்து உங்கள் வாசலைத் துப்புரவாக்குவேன். கதவு திறக்காது, தெரியும். டொபியை எறியவில்லை. பைக்குள்ளேயே கிடக்கிறது.